பேசியவரும் பார்ப்பார்: சமுதாயத் தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி தயாரிக்க முழுமையான வழிகாட்டி

“அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க தம்பி. எங்க அண்ணன் இதைப் பார்ப்பார்.”

கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் சொன்னது இது. அவரைப் பற்றி நாங்கள் எடுத்த அரை மணி நேர நிகழ்ச்சியை, ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்னால் அவர் வீட்டிலேயே லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு இடத்தில் முகம் சுருங்கினார். தொழிலை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, அண்ணன் தனக்குச் சொல்லித்தர மறுத்ததைப் போகிற போக்கில் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது நல்ல வரி. அவருக்கு அது நாற்பது வருடக் குடும்ப விஷயம். எடுத்துவிட்டோம். நிகழ்ச்சிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பெரிய தொலைக்காட்சியில் பேசுகிறவர் ஒரு மூலையில் இருப்பார், பார்க்கிறவர் வேறொரு மூலையில் இருப்பார். சமுதாயத் தொலைக்காட்சியில், அதாவது ஒரு பகுதி மக்களே தங்களுக்காக நிகழ்ச்சி தயாரிக்கும் சேனலில், இரண்டு பேரும் மறுநாள் காலை ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். என்ன எடுப்பது, எப்படிக் கேட்பது, எதை வெட்டுவது என்ற எல்லாக் கேள்விக்கும் நான் விடை தேடுவது இந்த இடத்திலிருந்துதான்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1967-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், ‘மாற்றத்துக்கான சவால்’ என்ற திட்டத்தில் ஃபோகோ தீவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. மீன்பிடித்து வாழ்ந்த அந்தத் தீவு மக்களை வேறு இடத்துக்குக் குடியேற்றலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். இயக்குநர் காலின் லோ எல்லாவற்றையும் ஒரே பெரிய ஆவணப்படமாகச் சேர்க்கவில்லை. மக்கள் பேசியதைத் தனித்தனிச் சிறு படங்களாக எடுத்து, பேசியவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகு தீவின் மற்ற ஊர்களில் திரையிட்டார். ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசிக்கொள்ளாத ஊர்கள் அந்தப் படங்கள் வழியாகப் பேசத் தொடங்கின. அங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவாகவும் அது துணையாக இருந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில், தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய சோனி போர்ட்டபேக் வீடியோ கருவி சந்தைக்கு வந்தது. அந்தக் கனடியத் திட்டத்தைச் சில காலம் நடத்திய ஜார்ஜ் ஸ்டோனி நியூயார்க் திரும்பி, 1971-ல் ரெட் பர்ன்ஸோடு சேர்ந்து மாற்று ஊடக மையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு மன்ஹாட்டனில் பொதுமக்கள் தயாரிக்கும் நிகழ்ச்சிகளுக்கென்றே கேபிளில் சேனல்கள் ஒதுக்கப்பட்டன. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1975-ல் இஸ்ரோ நடத்திய திட்டம், கிராமத்தினர் பங்கேற்ற நிகழ்ச்சிகளை அவர்களுக்கே ஒளிபரப்பியது. ஜெர்மனியில் 1984-ல் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பொதுமக்கள் நிகழ்ச்சிகளுக்கான முதல் ‘திறந்த அலைவரிசை’ வந்தது. மெல்போர்னில் 1994-ல் சேனல் 31 என்ற சமுதாயச் சேனல் வந்தது. ஃபோகோவில் செய்த அந்த ஒரு காரியத்தை, அதாவது பேசியவருக்கு முதலில் போட்டுக் காட்டுவதை, நானும் எந்த நிகழ்ச்சியிலும் விட்டதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் நிலையத்துக்குப் போங்கள்

கேமரா வாங்குவது அப்புறம் இருக்கட்டும். பல சமுதாய நிலையங்கள் பயிற்சி தருகின்றன. பயிற்சி முடித்தவர்களுக்குக் கேமரா, மைக், எடிட்டிங் அறை எல்லாம் இலவசமாகவோ சிறு உறுப்பினர் கட்டணத்துக்கோ கொடுக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் சொந்தக் காசைப் போட்டுக் கருவி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

நேரில் போய் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் நிகழ்ச்சி தரலாம், அந்தப் பகுதியில் வசிப்பவர் மட்டுமா? ஒரு நிகழ்ச்சி சரியாக எத்தனை நிமிடம் எத்தனை விநாடி இருக்க வேண்டும்? ஒளிபரப்புக்கு எத்தனை நாள் முன்னால் கோப்பைத் தர வேண்டும்? என்ன வடிவத்தில்? விளம்பரம், ஆதரவாளர் பெயர் இதிலெல்லாம் விதி என்ன? ஒளிபரப்பான பிறகு நிகழ்ச்சி யாருக்குச் சொந்தம், அதை இணையத்தில் நீங்களும் ஏற்றலாமா?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான சேனல்களில் பெரும்பாலும் முதலில் வந்தவருக்கு முதலில் இடம் என்பதுதான் வழக்கம். எந்தப் பொருளை விற்கவும் அங்கே அனுமதி இல்லை. 1984-ன் கேபிள் சட்டம், நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தில் கேபிள் நிறுவனம் கைவைப்பதைத் தடுத்தது. ஆஸ்திரேலியச் சமுதாய நிலையங்கள் வணிக விளம்பரம் போடக் கூடாது, ஆனால் ஆதரவாளர் அறிவிப்பு போடலாம். உங்கள் நிலையத்தின் விதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பணியாளர்கள் அடிக்கடி மாறுவார்கள். போன வருடம் ஒருவர் வாயால் சொன்னது இந்த வருடம் இருப்பவருக்குத் தெரியாது.

2. பொருளைச் சிறிதாக்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய தலைப்போடு வருவார்கள். சுற்றுச்சூழல், இளைஞர் முன்னேற்றம், தண்ணீர்ப் பிரச்சினை. இவையெல்லாம் நாளிதழின் நடுப்பக்கத்துக்குச் சரி. அரை மணி நேர உள்ளூர் நிகழ்ச்சிக்குள் இவற்றை அடைக்க முடியாது. அதோடு, இவற்றைப் பற்றிப் பேச ஏற்கெனவே பெரிய சேனல்கள் இருக்கின்றன.

‘தண்ணீர்ப் பிரச்சினை’யைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு பகுதி, அப்புறம் ஒரு தெரு, அப்புறம் ஒரு குழாய். “இந்தத் தெருவின் கடைசி ஐந்து வீடுகளுக்கு மட்டும் ஏன் தண்ணீர் ஏறுவதில்லை?” என்று வந்து நிற்கும்போது உங்களிடம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அந்த ஐந்து வீட்டாரும் இருக்கிறார்கள், வால்வைத் திறந்துவிடும் ஊழியர் இருக்கிறார், பொறுப்பான அதிகாரி இருக்கிறார், காட்டுவதற்குக் குழாயும் இருக்கிறது. இந்தக் கேள்வியை வேறு எந்தத் தொலைக்காட்சியும் கேட்கப் போவதில்லை.

நான் வைத்திருக்கும் சோதனை மூன்று. நடந்துபோகும் தொலைவில் இதைப் பற்றிப் பேச மூன்று பேராவது இருக்கிறார்களா, அதில் ஒருவராவது மற்றவரோடு முரண்படுவாரா? கண்ணால் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் பேச்சுதானா? பார்த்து முடித்த ஒருவர் மறுநாள் இதைப் பற்றி யாரிடமாவது கேட்பாரா? இரண்டுக்கு ஆமாம் என்றால் இறங்கலாம்.

இன்னொரு வகை நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளாட்சி மன்றக் கூட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெட்டாமல் பதிவு செய்து ஒளிபரப்புவது. அமெரிக்கச் சமுதாய நிலையங்கள் பலவற்றில் இதற்கென்றே தனிச் சேனல் உண்டு. பார்க்க அலுப்பாக இருக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சமுதாயத் தொலைக்காட்சியின் மிக மதிப்புள்ள நிகழ்ச்சிகளில் ஒன்று. சாலை எப்போது போடப்படும் என்று ஒரு உறுப்பினர் சொன்ன வாக்கு, தேதியோடு அங்கே பதிவாகி இருக்கும். கூட்டத்தைப் பதிவு செய்ய முன்அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

முழு ஸ்கிரிப்ட் வேண்டாம். நிகழ்ச்சி எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று ஒரு வாக்கியம், யார் யார் பேசுவார்கள், என்னென்ன காட்சி வேண்டும், எது எத்தனை நிமிடம். அவ்வளவுதான். கடிகாரப் பெரியவர் நிகழ்ச்சிக்கு நாங்கள் எழுதிய பக்கத்தின் தொடக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

கேள்வி: புதிது வாங்குவது எளிதான காலத்தில் பழையதைப் பழுதுபார்க்க யார் வருகிறார்கள்?
0:00 – சிறு இடுக்கி பிடித்த விரல்கள், நெருக்கத்தில். பேச்சு இல்லை.
0:30 – கண்ணில் பூதக்கண்ணாடியோடு முகம். முதல் வாக்கியம்.
1:00 – டைட்டில்.
1:15 – ஒருவர் கடிகாரம் கொண்டுவருகிறார். அவர்களுக்குள் நடக்கும் பேச்சு, இடையில் கேள்வி இல்லை.
5:00 – பெரியவர் பேட்டி, முதல் பகுதி.

எடுக்கும்போது இது மாறும், மாறட்டும். ஆனால் படப்பிடிப்பு நடுவே நேரம் போதாமல் போனால் எதை விடலாம் என்று இந்தப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

4. மூன்று பேர் போதும்

ஒருவர் கேமரா. ஒருவர் ஒலி, தலையில் ஹெட்போனோடு. ஒருவர் கேள்வி கேட்பவர். தனியாளாக எல்லாம் செய்யலாம்தான். ஆனால் பேசுகிறவரின் கண்ணைப் பார்த்துக் கேட்கவும், அதே நேரத்தில் மைக்கில் இரைச்சல் வருகிறதா என்று கவனிக்கவும் ஒரே ஆளால் முடியாது.

ஸ்டுடியோவில் எடுத்தால் கூடுதலாக ஆள் வேண்டும். இரண்டு அல்லது மூன்று கேமராவுக்கு ஆட்கள், எந்தக் கேமரா திரையில் போக வேண்டும் என்று சொல்லும் இயக்குநர், ஸ்விட்சரில் மாற்றுபவர், தளத்தில் நின்று விரலால் மிச்ச நேரத்தைக் காட்டும் ஃப்ளோர் மேனேஜர். இந்த வேலைகளில் ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது செய்து பாருங்கள். மற்றவர்களின் நிகழ்ச்சிக்கு முதலில் உதவிக்குப் போங்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு ஆள் தேவைப்படும்போது அவர்கள் வருவார்கள்.

5. சம்மதமும் உரிமையும், கேமராவை இயக்கும் முன்பே

பேசப் போகிறவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். நிகழ்ச்சியின் பெயர், எங்கே ஒளிபரப்பாகும், இணையத்திலும் போகுமா, எவ்வளவு காலம் இருக்கும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைக் கேமராவிலேயே பதிவு செய்யுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். “இணையத்திலும் இருக்கும்” என்பதைத் தனியாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு முறை தொலைக்காட்சியில் வருவதற்குத் தலையாட்டுகிறவர்கள், அது வருடக்கணக்கில் தேடினால் கிடைக்கும் என்று தெரிந்ததும் யோசிப்பதுண்டு. யோசிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

இசையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்பதால் அதை ஒளிபரப்பும் உரிமை வந்துவிடாது. உள்ளூரில் பாடத் தெரிந்தவர், வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அவர் சொந்தமாக அமைத்த இசையை எழுத்துப்பூர்வ அனுமதியோடு வாங்குங்கள். படைத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையும் உண்டு. ஆனால் அந்த உரிமங்களில் பல வகை. சிலவற்றில் பெயர் போட்டால் போதும், சிலவற்றில் மாற்றக் கூடாது, சிலவற்றில் வணிகப் பயன்பாடு கூடாது. உரிமத்தின் பெயரைப் படித்துவிட்டு எடுங்கள். பேட்டி எடுக்கும் இடத்தில் ரேடியோ ஓடினால், கேட்டு நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, பின்னணியில் பாட்டு ஓடினால் பேச்சை வெட்டவே முடியாது.

6. ஒலி

இதற்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள். கையில் உள்ள பணத்தில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மைக் வாங்குங்கள், கேமராவுக்குக் கைபேசி போதும்.

கேமராவிலேயே இருக்கும் மைக் தூரத்திலிருந்து கேட்கும், எனவே பேச்சோடு அறை முழுவதையும் சேர்த்துக் கேட்கும். காலர் மைக்கைச் சட்டையில், முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, சட்டைப்பை பேனா எதுவும் அதில் உரசக் கூடாது. மாட்டிய பிறகு அவரைத் தலையைத் திருப்பச் சொல்லி, கையை ஆட்டச் சொல்லி, ஹெட்போனில் கேளுங்கள். ஒலி அளவை, கருவியின் அளவுகோலில் சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கும்படி வையுங்கள். சிரித்தாலோ கோபமாகப் பேசினாலோ மேலே போக இடம் இருக்கும். அளவுகோலின் உச்ச எல்லையான பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருப்பித் தர முடியாது.

படப்பிடிப்பு இடத்துக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தெருவில் ஹார்ன், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. நம் காது இவற்றை வடிகட்டிவிடும், மைக் வடிகட்டாது. நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, எனவே திரும்பப் போட மறக்கவே மாட்டீர்கள்.

அந்தப் பெரியவர் வீட்டில் நாங்கள் மின்விசிறியை அணைத்தோம், ஜன்னலை மூடினோம், திருப்தியாகத் தொடங்கினோம். அவருக்குப் பின்னால் சுவரில் 11 கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காட்சிக்கு அழகு என்று அவற்றை நாங்களேதான் சட்டகத்துக்குள் கொண்டுவந்திருந்தோம். எடிட்டிங்கில் ஒரு வாக்கியத்தை வெட்டி அடுத்ததோடு ஒட்டியபோது, டிக் டிக் என்ற ஓட்டம் அந்த இடத்தில் தடுக்கியது. படத்தில் வெட்டு தெரியாமல் வேறு காட்சியை மேலே வைக்கலாம். ஆனால் காதுக்கு வெட்டு தெரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் மறுபடி அவர் வீட்டுக்குப் போய், யாரும் பேசாமல் கடிகாரங்களின் ஓசையை மட்டும் ஐந்து நிமிடம் பதிவு செய்து, அதை நிகழ்ச்சி நெடுக அடியில் ஓடவிட்டோம். தடுக்கல்கள் அதில் மறைந்தன.

அதனால் எந்த இடத்தில் பேட்டி எடுத்தாலும், முடிந்ததும் “எல்லாரும் ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள்” என்று கேட்டு, அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மைக் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். வெட்டுகளை மூட இதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்தால், தொடக்கத்தில் கேமரா முன் ஒரு முறை கைதட்டுங்கள். பின்னால் படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல் போதும்.

7. படம்

டிரைபாட் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் அசைக்காமல் குறைந்தது பத்து விநாடி பிடியுங்கள். எடிட்டிங்கில் நாலு விநாடிதான் தேவைப்படும், ஆனால் எந்த நாலு என்று தேர்ந்தெடுக்க இடம் வேண்டும்.

ஒருவர் வேலை செய்வதைக் காட்ட ஐந்து ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் நெருக்கத்தில். முகம் நெருக்கத்தில். ஆளும் இடமும் சேர்ந்த அகலமான ஷாட். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பதை நாமும் பார்ப்பதுபோல. கடைசியாக, நீங்கள் வழக்கமாக யோசிக்காத ஒரு கோணம், மேசைக்கு அடியிலிருந்தோ கண்ணாடிக்குள்ளிருந்தோ. இந்த ஐந்தும் இருந்தால் எந்த வேலையையும் ஒட்டிக் காட்டிவிடலாம்.

பேசுகிறவரை ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்தால் முகம் இருண்டுவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியைத் திருப்புங்கள். பெரும்பாலான வீடுகளில் வேறு விளக்கே தேவைப்படாது. லென்ஸ் அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். உயரமான டிரைபாடிலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பேசுகிறவர் குறுகிப்போய்த் தெரிவார்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் பெரும்பாலும் விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 விநாடி. வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், 29.97 ஃப்ரேம், ஷட்டர் 1/60. இது பொருந்தாவிட்டால் சில குழல்விளக்குகளின் கீழ் படம் துடிக்கும். கைபேசிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 30-ல் இருக்கும், நிலையம் 25 கேட்டால் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 22.5 ஜிபி பிடிக்கும். கார்டில் இடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

8. பேட்டி

கேள்விகளை முன்கூட்டியே அனுப்பாதீர்கள், தலைப்பை மட்டும் சொல்லுங்கள். கேள்வி தெரிந்தவர் பதிலைத் தயார்செய்து ஒப்பிப்பார்.

ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டாம். “கஷ்டமாக இருந்ததா?” என்று கேட்டால் “ஆமாம்” என்று முடிந்துவிடும். “அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து என்ன நடந்தது?” என்று கேட்டால் கதை வரும். உங்கள் குரல் நிகழ்ச்சியில் இருக்காது என்றால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மூன்று விநாடி சும்மா இருந்து அவரைப் பாருங்கள். அந்த அமைதியை நிரப்ப அவரே ஒன்று சொல்வார். பல சமயம் முழுப் பேட்டியிலும் நல்ல வரி அதுதான்.

அதிகாரியிடம் கேட்கும்போதும் இதே மரியாதை. ஒரு தரப்பு புகார் சொன்னால், மற்றத் தரப்புக்கு அதை அப்படியே சொல்லிப் பதில் கேளுங்கள். அவர் பேச மறுத்தால், எப்போது எப்படிக் கேட்டோம், மறுத்தார் என்பதை நிகழ்ச்சியில் சொல்லிவிடுங்கள். உள்ளூரில் பெயர் கெடுவதற்கு ஒரே ஒரு ஒருதலை நிகழ்ச்சி போதும். உங்கள் பெயர் கெட்டால் அடுத்த முறை கதவு திறக்காது.

9. எடிட்டிங்

முதலில் மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஒரு இடத்தில். இது முடியும்வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள்.

அடுத்தது காகிதம். எல்லாப் பேட்டியையும் கேட்டு, யார் எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நிகழ்ச்சி உருவாவது இங்கேதான். எழுதியதில் நல்ல வரிகளை வட்டமிட்டு, எந்த வரிசையில் வந்தால் கேள்விக்கு விடை தெளிவாகும் என்று காகிதத்திலேயே அடுக்குங்கள். பிறகு கணினிக்குப் போங்கள். எடிட்டிங் மென்பொருள்களில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் கேடென்லைவும் இந்த வேலைக்குத் தாராளம்.

முதலில் பேச்சை மட்டும் வரிசையாகக் கோத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். வானொலி நிகழ்ச்சியாக அது நின்றால் தொலைக்காட்சியிலும் நிற்கும். அப்புறம் வெட்டுகளின் மேல் கைகள், தெரு, குழாய், கடிகாரம் என்று காட்சிகளை வையுங்கள். வெட்டும்போது ஒரு எல்லை உண்டு. ஒருவர் சொன்ன நிபந்தனையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை வைத்தால், அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும். வெட்டிய வாக்கியத்தை அவர் முன்னால் அமர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருக்குமென்றால் வெட்டு தவறு.

எழுத்துகளைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். சில தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓரங்களை வெட்டிக் காட்டும், எனவே நாலு பக்கமும் ஐந்து சதவீதமாவது விடுங்கள். பேசுகிறவரின் பெயரைத் திரையில் போடும்போது, நீங்கள் வாய்விட்டு இரண்டு முறை படித்து முடிக்கும் நேரம் அது நிற்கட்டும். பெயரின் எழுத்துக்கூட்டலை அவரிடமே எழுதி வாங்குங்கள். முடிந்தால் சப்டைட்டில் சேருங்கள். காது கேளாதவர்களும் உங்கள் பகுதியில் இருக்கிறார்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கடைசியில் ஒலியின் மொத்த அளவு. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் தரம் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). அமெரிக்காவில் மைனஸ் 24. உங்கள் நிலையம் எதைக் கேட்கிறதோ அதற்குச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிகழ்ச்சி வந்ததும் வீட்டில் எல்லாரும் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஓடுவார்கள்.

10. பேசியவருக்குப் போட்டுக் காட்டுங்கள்

நிலையத்துக்குக் கொடுக்கும் முன், குறைந்தது மூன்று நாள் மிச்சம் வைத்து, பேசியவர்களிடம் கொண்டுபோங்கள். லிங்க் அனுப்பாதீர்கள், நேரில் போய் உட்காருங்கள். திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அதிகாரியும் “அதை எடுத்துவிடு” என்றால் எடுத்துவிடுவதா? நான் வைத்திருக்கும் கோடு இது. ஒருவர் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுவேன், காரணம்கூடக் கேட்க மாட்டேன். பொதுப் பொறுப்பில் இருப்பவர் தன் பொறுப்பைப் பற்றிச் சொன்னதை நீக்கச் சொன்னால், தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன். இதைப் பேட்டி தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவேன். முன்பே சொல்லியிருந்தால் பின்னால் சண்டை வருவதில்லை. நடுவில் விழும் விஷயங்களும் உண்டு. அப்போது நிலையத்தில் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

11. ஒப்படைப்பு, அதன் பிறகு

நிலையம் சொன்ன நீளத்துக்கு விநாடி சுத்தமாக முடியுங்கள். அரை மணி நேர இடத்துக்குப் பல நிலையங்கள் 28 நிமிடத்தையொட்டிக் கேட்கும், மீதி அறிவிப்புகளுக்குப் போகும். ஏற்றுமதி செய்த கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். நடுவில் ஒரு கருப்பு ஃப்ரேமோ, ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஒலியோ இருந்தால் அப்போதுதான் தெரியும். கோப்பின் பெயரில் நிகழ்ச்சி, பகுதி எண், தேதி இருக்கட்டும். ‘கடைசி’, ‘கடைசி புதியது’ என்று பெயர் வைத்த கோப்புகளில் எது கடைசி என்று ஒரு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.

ஒளிபரப்பு நாளையும் நேரத்தையும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நூலக அறிவிப்புப் பலகை, குடியிருப்போர் குழு, பள்ளி. அன்றைக்கு உங்கள் வீட்டில் பார்க்காமல் வேறொருவர் வீட்டில் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் கைபேசியை எடுத்தார்கள், எந்த இடத்தில் “ஏய், இது நம்ம தெருதானே” என்று நிமிர்ந்தார்கள் என்பதை நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நிகழ்ச்சியின் ஒரு பக்கத்தை எழுதும்போது அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வையுங்கள்.

மாதம் ஒன்று செய்வதாக இருந்தால், முதல் பகுதி ஒளிபரப்பாகும் முன் இரண்டாவதும் மூன்றாவதும் கையில் இருக்க வேண்டும். ஒரு பகுதியைப் போட்டுவிட்டு இரண்டாவதற்கு ஓடுகிறவர்கள் நாலாவதில் மூச்சுவாங்கி நின்றுவிடுகிறார்கள்.

வெட்டாத முழுப் பதிவுகளையும் தேதி, இடம், பேசியவர் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பேசியவர் நீக்கச் சொன்ன பகுதி மட்டும் அதில் இருக்கக் கூடாது. ஒரு பிரதியைப் பேசியவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவரிடம் அதைப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, அந்த வடிவத்தில். கடிகாரப் பெரியவரிடம் கணினி கிடையாது. பென் டிரைவில் போட்டு, அதைத் தொலைக்காட்சியின் பின்பக்கம் எங்கே செருகுவது என்று காட்டிவிட்டு வந்தோம். போன மாதம் போனபோது அது இன்னும் அங்கேயே செருகியிருந்தது.